மாப்பிள்ளைக்கு ரிலீவிங் லெட்டர்

உலகத்தில் எத்தனையோ விதமான ராஜினாமாக்கள் உண்டு. மாமனார் கம்பெனியிலிருந்து மாப்பிள்ளை ராஜினாமா செய்வது மட்டும் அதில் சேர்த்தி இல்லை. இந்தச் சின்ன விஷயம் அப்துல் அஹதுக்கு முப்பத்தொன்பது வயது வரைக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவ்வளவு குஷியாக ஏழு இட்லி தின்றிருக்க மாட்டான்.

குஷிக்குக் காரணம் இருந்தது. நாவலூரில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தைப் பராமரிக்கிற கம்பெனி அவனை சூப்பர்வைசராக எடுத்துக்கொண்டது. எட்டு மணி நேர வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு. அந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும் அவன் ஈமெயிலில் பதினோரு தடவை படித்தான். பதினோரு வருஷமாக அவனுக்கு ஞாயிறு என்பது காலண்டரில் சிவப்பாக இருக்கும் ஒரு எண், அவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் வேலைக்காக மாமல்லபுரம் போய் வருகிறவன், ஏழாவது நாள் பாக்கி வேலைக்காக மாமல்லபுரம் போய் வந்தான். பெண்டாட்டி ஷாஜாதியை ஒரே ஒரு தடவைகூட அந்தக் கடற்கரைக்குக் கூட்டிப் போனதில்லை.

ஈமெயிலின் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, முன்பு வேலை பார்த்த இடத்தின் ரிலீவிங் லெட்டரோடு வரவேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"ஒரு லெட்டர்தானே, இதுல இன்னா கீது" என்று நினைத்தான் மடையன்.

கேளம்பாக்கம் மார்க்கெட் தெருவில் 'அமானுல்லா அண்ட் ஃபேமிலி, காண்ட்ராக்டர்ஸ்' என்று ஒரு போர்டு தொங்கும். ஒழுகுகிற மொட்டை மாடிகளுக்கு மருந்து பூசுவதும், உப்புக் காற்றில் உரிகிற சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பதும் தொழில். கடலோரத்தில் கட்டிய ரிசார்ட்டுகள் வருஷா வருஷம் ஒழுகுவதால் தொழிலுக்குக் குறைவில்லை. கீழே ஆபீஸ், மாடியில் மாமனார் வீடு. போர்டில் 'அண்ட் சன்ஸ்' என்று போடத்தான் முதலில் யோசித்தார்கள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று 'ஃபேமிலி' ஆக்கினார்கள். கோபித்துக்கொள்ளத் தெரிந்த மாப்பிள்ளையாக இருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மாமனார் அமானுல்லா சேர்மன். அவருடைய மகன் சைஃபுல்லா எம்.டி. சைஃபுல்லாவின் மனைவி மலீஹா எச்.ஆர். மாமியார் ருக்சானா தொழிலாளர் நலன், அதாவது மதியச் சாப்பாடு. அஹதுக்கு என்ன பதவி என்று யாருக்கும் தெரியாது. மருந்து வாங்குவது, ஆள் கூட்டுவது, ஏணி கட்டுவது, ரிசார்ட் மேனேஜரிடம் திட்டு வாங்குவது, சேர்மனை செக்கப்புக்கு அழைத்துப் போவது எல்லாம் அவன்தான். கேட்டால் "நம்ம மாப்ள" என்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் இவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். குளிர்ந்த உச்சியோடு வெயிலில் போய் நிற்பான்.

*

மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. அதுதான் எச்.ஆர். டிபார்ட்மென்ட். மலீஹா பட்டாணி உரித்துக்கொண்டே ராஜினாமாக் கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"இன்னா அண்ணே இது, 'சொந்தக் காரணங்களுக்காக'ன்னு எழுதிக்கீறீங்க?"

"எல்லாரும் அப்டித்தாம்மா எழுதுவாங்க."

"வெளிய வேலை செய்றவங்க எழுதலாம். நீங்க சொந்தக் காரணம்னு எழுதினா எங்கள்ல யாரோ ஒங்கள இன்னாவோ சொல்லிட்ட மாதிரி ஆவும். மாத்தி எழுதுங்க. அப்பறம் இது ப்ராப்பர் சேனல்ல வரணும். ஒங்க ரிப்போர்ட்டிங் ஆபீசர் யாரு?"

மலீஹா பட்டாணித் தட்டை வைத்துவிட்டுச் சுவரைக் காட்டினாள். போன வருஷம் ஒரு ரிசார்ட்காரர் நிர்வாக அமைப்பைக் கேட்டார் என்று அவளே வரைந்த சார்ட் அங்கே ஒட்டியிருந்தது. உச்சியில் சேர்மன். அவருக்குப் பக்கத்தில், அவர் கட்டியவர். கீழே, அவர் பெற்ற மகன். மகனுக்குப் பக்கத்தில், அவன் கட்டியவள். சுருக்கமாகச் சொன்னால் கல்யாணப் பத்திரிகை. எல்லாக் கட்டங்களிலிருந்தும் கீழே அம்பு இறங்கியது. எல்லா அம்புகளும் ஒரே கட்டத்தில் வந்து குத்தின. அந்தக் கட்டத்தில் 'அஹத்' என்று இருந்தது. அவனுக்குக் கீழே 'மற்றவர்கள்'.

"அஞ்சு அம்பு வருது" என்றான்.

"அப்ப அஞ்சு பேரும் ஃபார்வர்ட் பண்ணணும்" என்றாள் மலீஹா. "அஞ்சாவது எம் புள்ள சைஃபுக்குட்டி. பெரியவனானா வருவான்னு இப்பவே கட்டம் போட்டுட்டேன். மூணாங்கிளாஸ் பரீட்சை நடக்குது, அவன இப்ப தொந்தரவு பண்ணாதீங்க."

*

புதன்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் மொட்டை மாடி. கல் உளி சத்தம் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. எல்லம்மாள் மருந்து கலக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து வருகிறவள், சார்ட்டில் 'மற்றவர்கள்' என்று இருக்கிறார்களே, அதில் முதல் ஆள். அஹத் வந்ததும் எழுந்து இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது.

"கிளவுசு கேட்டு எத்தினி நாளாச்சு பாய்? இந்தக் கையால சோறு பெசஞ்சா உசுரு போவுது."

அஹதுக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனால் வாய் அவனுடையதாக இருந்தால்தானே. பதினோரு வருஷப் பழக்கத்தில் அது தானாகத் திறந்து, மாமனார் குரலில் பேசியது.

"எல்லம்மா, நம்மெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துல போயி கிளவுசு, கிளவுசுன்னு கேப்பாங்களா? மேலிடத்துல சொல்லிக்கீறேன்."

"குடும்பமா?" என்றாள் எல்லம்மாள். "அப்ப போன மாசம் ஒங்க வூட்டு விசேஷத்துக்கு எனுக்கு ஏன் சொல்லல?"

அஹத் அவசரமாக ஏணியின் கயிற்றைச் சரிபார்த்தான். கயிறு நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் அவிழ்த்துக் கட்டினான். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, பாவி மனிதனுக்கு அந்த அளவாவது சூடு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஷாஜாதி டீ கொடுத்துக்கொண்டே கேட்டாள். "இன்னாங்க, அந்த லெட்டரு கெடச்சிச்சா?"

"அது ஆபீஸ் விஷயம். ஒனக்குப் புரியாது" என்றான்.

ஷாஜாதி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

வியாழக்கிழமை எம்.டி. அழைத்தார். சைஃபுல்லா அஹதைவிட நாலு வயது சின்னவன். ஆனால் எம்.டி. நாற்காலியில் உட்கார்ந்தால் திடீரென்று அறுபது வயதாகிவிடும்.

"மச்சான், எக்ஸிட் இன்டர்வியூ எடுக்கணும். பெரிய கம்பெனிலல்லாம் எடுக்கறாங்க. நெட்லேந்து ஃபாரம் எறக்கி நம்ம கம்பெனிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கீறேன். மொதக் கேள்வி. இந்தக் கம்பெனில ஒங்களுக்குப் புடிச்சது இன்னா?"

அஹத் யோசித்தான். "மாமி வெக்கிற தால்ச்சா."

"நல்லது. புடிக்காதது இன்னா?"

"சொல்லலாமா?"

"தாராளமா. மனசு தொறந்து சொல்லுங்க. நான் எழுத மாட்டேன்." சைஃபுல்லா பேனாவை மூடி வைத்தான்.

"லீவு கெடையாது. கையுறை, கயிறு, பெல்ட்டு ஒண்ணும் வாங்கிக் குடுக்கறதில்ல. நீ ஒண்ணு சொல்ற, மாமா ஒண்ணு சொல்றாரு, மலீஹா வாட்ஸப்புல ஒண்ணு போடுது. மேஸ்திரி எதக் கேக்கறதுன்னு எங்கிட்ட கேக்கறாரு."

"நீங்க இன்னா சொல்வீங்க?"

"சரின்னு சொல்வேன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

சைஃபுல்லா பெருமையோடு தலையசைத்தான். "இதான் மச்சான் டீம் ஒர்க்கு. அடுத்த கேள்வி. மறுபடி இந்தக் கம்பெனில சேருவீங்களா? ஆமா, கண்டிப்பா, நிச்சயமா. இந்த மூணுல ஒண்ண டிக் பண்ணுங்க."

டிக் செய்தான். வேறு என்ன செய்வான்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பான். சைஃபுல்லாவுக்கு ஃபைல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. ராஜினாமாக் கடிதத்தை அப்பாயின்மென்ட் ஆர்டரோடு சேர்த்து நூலில் கோப்பதற்காக அலமாரியைத் திறந்தான். மலீஹாவும் வந்து தேடினாள். சிமெண்ட் கம்பெனி டைரிகள் இருந்தன. அஹதுடைய கல்யாண ஆல்பம்கூட இருந்தது. அப்பாயின்மென்ட் ஆர்டர் இல்லை.

"மச்சான், ஒங்கள யாரு வேலைக்கு எடுத்தாங்க?" என்றான் சைஃபுல்லா.

"நிக்காஹ் ஆன நாலாம் நாளு மாமா சொன்னாரு, 'மாப்ள, கொஞ்சம் திருப்போரூர் வரிக்கும் போயி நாலு டின் ப்ரைமர் வாங்கிகினு வாங்க'ன்னு. போனேன். அதுலேந்து போய்கினே கீறேன்."

எம்.டி.யும் எச்.ஆரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நீங்க சேரவே இல்லியே அண்ணே" என்றாள் மலீஹா. "சேராதவங்கள எப்டி ரிலீவ் பண்றது? நாளைக்கி யாருனா வந்து கேட்டா நம்ம கம்பெனி பேரு இன்னா ஆவறது?"

இதற்குள் விஷயம் மாடிக்கு ஏறிவிட்டது. தொழிலாளர் நலன் கையில் கரண்டியோடு இறங்கி வந்தது.

"மாப்ள எங்கள வுட்டுட்டுப் போறேன்றாராமே!" என்று ருக்சானா மாமி குரல் உடைந்து கேட்டாள். "இன்னா கொறை வெச்சோம்? உப்புக் கொறைவா? எம் பொண்ணு இனிமே எங்க போவா?"

"மாமி, வேலையத்தான் வுடறேன். ஷாஜாதிய இல்ல."

"ரெண்டும் ஒரே வாரத்துலதானே வந்துச்சு?" என்று மாமி அழுதாள்.

நாவலூர்க்காரர்கள் கேட்ட ஒரு காகிதத்துக்காக ஒரு தாயை அழவைத்துவிட்டோமே என்று அஹத் தன்னைத்தானே வைதுகொண்டு, அவளைச் சமாதானப்படுத்த இரண்டு தட்டு சோறு அதிகமாகச் சாப்பிட்டான். அவனுடைய வீரம் எப்போதும் அந்த இடத்தில்தான் முடியும்.

*

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மாடி ஹாலில் கம்பளம் விரித்தார்கள். பிரியாணி தேக்சா இறங்கியது. சேர்மன் அமானுல்லா வெள்ளைச் சட்டையில் நடுவே நின்றார். ஆர்டர் எழுதினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சைஃபுல்லா அவரிடம் சொல்லியிருந்தான். ஆர்டர் கொடுக்க விழா வேண்டும் என்று அவர் தாமே முடிவு செய்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல கீறேன். ஊரு ஒலகத்துல இன்னான்னாவோ சொல்றாங்க. லேபர் லா, சேஃப்டி, ஓவர்டைம்னு. நம்ம கம்பெனில இதுல ஒண்ணாவது உண்டா? கெடையாது!" கை தட்டினார்கள். "லீவு கெடையாது. ஏன்? லீவுன்றது வேலை செய்றவனுக்கு. இங்க ஆரும் வேலை செய்யல. நான் செய்யறேனா? எம் புள்ள செய்யறானா? மருமவ செய்யுதா? நாங்கல்லாம் வாழறோம். மாப்ளயும் எங்ககூட வாழறாரு. கையில அடிபட்டா ஆஸ்பத்திரிக்கி எழுதிக் குடுக்கற கம்பெனி கீது. நாங்க கண்ணீர் வுடற கம்பெனி. கண்ணீருக்கு எந்தச் சட்டத்துல எடம் கீது, சொல்லுங்க பாக்கலாம்?"

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"அதனால, நம்ம மாப்ளைக்கி நாங்க பண்ணிட்ட ஒரு தப்ப இன்னிக்கி சரி பண்றோம். பதினோரு வருஷமா அவுர வேலைக்கே எடுக்கல! எவ்ளோ பெரிய அநியாயம்? நெனச்சா நெஞ்சு வெடிக்கிது. இன்னிலேந்து அவுரு நம்ம கம்பெனியோட ஜெனரல் மேனேஜரு!"

சால்வை போர்த்தினார்கள். மலீஹா ஆர்டரை நீட்டினாள். சைஃபுல்லா போட்டோ எடுத்து, அஹத் வாய் மூடுவதற்குள் வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். அஹத் ஆர்டரைப் படித்தான். இன்றைய தேதியிலிருந்து நியமனம். ஆறு மாதம் தகுதிகாண் காலம், அந்தக் காலத்தில் ராஜினாமா செய்ய முடியாது. அதற்குப் பிறகு செய்தால் மூன்று மாத நோட்டீஸ். பணிகள் என்ற தலைப்பில் 'முன்பு போலவே' என்று இருந்தது.

வேலையை விடப் போனவனை வேலைக்குச் சேர்த்த விழா இந்த ஜில்லாவில் அது ஒன்றுதான் நடந்திருக்கும்.

"சந்தோஷமா மாப்ள?" என்றார் சேர்மன், கண் கலங்க.

அவன் என்ன சொன்னான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "சரி மாமா" என்றான்.

*

ஆனாலும் சனிக்கிழமை காலையில் அவனுக்குள் எதுவோ பொங்கியது. திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சைட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வண்டியைச் செங்கல்பட்டுக்கு விட்டான். கம்பெனியின் ஆடிட்டர் சுப்புராமன் அங்கேதான் இருந்தார். சட்டப்படி வேறு வழி ஏதாவது இருக்குமா என்று கேட்கப் போனான்.

சுப்புராமன் ஆர்டரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இது செல்லாதுங்க."

"ஏன் சார்? சேர்மன் கையெழுத்துப் போட்டுக்கீறாரே?"

"எந்த சேர்மன்? இந்தக் கம்பெனில சேர்மன் கெடையாது. எம்.டி. கெடையாது. உரிமையாளர் ஒருத்தர்தான். லெட்டர் குடுக்கணும்னா அவங்கதான் குடுக்கணும்." அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துத் தூசி தட்டிப் பிரித்தார். "ஆரம்பிக்கறப்ப, பெண் பேர்ல இருந்தா ஏதோ சலுகை கெடைக்கும்னு நான்தான் சொன்னேன். சைஃபுல்லாவுக்கு அப்ப கல்யாணம் ஆகல. உங்க மாமியார் கையெழுத்துப் போட பயந்தாங்க. அதனால பொண்ணு பேர்ல போட்டோம். மறந்துட்டீங்களா?"

ஃபைலில் ஷாஜாதியின் போட்டோ ஒட்டியிருந்தது. கல்யாணம் ஆன புதுசு, கண்ணில் மை. கீழே உரிமையாளர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சி என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்து. அதை அஹத் நன்றாகவே அடையாளம் கண்டுகொண்டான், அவனுடையதுதான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. இதே ஆபீஸ். இதே பெஞ்ச். "இது இன்னாங்க?" என்று அவள் கேட்டாள். "சும்மா ஃபார்மாலிட்டி, இங்க போடு, அங்க போடு" என்று பேனா நுனியால் இடம் காட்டியதும் இவன்தான். அதற்குப் பிறகு வருஷா வருஷம் காகிதங்களை அடுப்படிக்குக் கொண்டுபோய், மாவுக் கையைத் துடைக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கி வந்ததும் இவன்தான். நாலு நாளாக ஒரு கையெழுத்துக்காக யார் யார் காலையோ பிடித்தான். கையெழுத்துப் போட வேண்டியவள் தினமும் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வேணுமா சார்?" என்றார் சுப்புராமன்.

"வேணாம் சார். செருப்பு இருந்தாக் குடுங்க, நானே அடிச்சிக்கறேன்" என்றான் அஹத்.

*

அஹத் செங்கல்பட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த ஃபைலை ஷாஜாதி வாங்கி, சாப்பாட்டு மேஜையில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பதினோரு வருஷத்தில் அவளிடம் யாரும் படிக்கக் கொடுத்ததில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. அஹத் எதிரே கை கட்டி நின்றுகொண்டிருந்தான். உட்காரலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஒக்காருங்க" என்றாள் கடைசியில். "நான் ஓனரா?"

"ஆமா."

"ஒங்களுக்கு இது தெரியும்."

"தெரியும். மறந்துட்டேன்."

"மறக்கல. நெனைக்கவே இல்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதனால் அவனுக்கு இன்னும் வலித்தது. "சரி, சொல்லுங்க. எதுக்குப் போறீங்க?"

சைஃபுல்லாவிடம் சொன்னதையெல்லாம் சொன்னான். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கரித்தது. ஞாயிற்றுக்கிழமை பற்றிச் சொன்னான். கடற்கரைக்கு அவளைக் கூட்டிப் போகாததையும் சொன்னான். அதை மட்டும் அவள் எழுதவில்லை.

"ஒங்களுக்குக் கீழ எத்தினி பேரு?"

"ஒம்போது."

"அவங்களுக்கு லீவு உண்டா?"

"கெடையாது."

"கையுறை?"

"எல்லம்மா கேட்டுகினே இருந்துச்சு. கை வெந்து போச்சு அதுக்கு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

இதற்குப் பொய் சொல்லலாம். சொல்ல வாய் வரவில்லை. "நம்மெல்லாம் ஒரே குடும்பம்னு சொன்னேன்" என்றான். சொல்லும்போதே அந்த வார்த்தை வாயில் மாடி மருந்து பட்ட மாதிரி எரிந்தது. மாமனாரைத் திட்டலாம், மச்சானைத் திட்டலாம். எல்லம்மாள் முகத்துக்கு நேரே அதைச் சொன்ன வாய் அவனுடையது.

ஷாஜாதி நோட்டை மூடினாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மார்க்கெட் தெருவுக்கு நடந்தாள். அஹத் பின்னால் போனான். ஆபீஸில் மாமனார், மச்சான், மலீஹா மூவரும் இருந்தார்கள்.

"அத்தா, கம்பெனி ரப்பர் ஸ்டாம்பையும் லெட்டர் பேடையும் குடுங்க" என்றாள் ஷாஜாதி தகப்பனிடம்.

"எதுக்கும்மா?"

"என் கம்பெனில ஒருத்தரு வேலைய வுட்டுப் போறாரு. எழுதிக் குடுக்கணும்."

ஷாஜாதி ஃபைலை மேஜையில் பிரித்து வைத்தாள். அமானுல்லா அதை எட்டிப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்தார். மலீஹாவும் பார்த்தாள். மூன்று பேரும் கட்டம் கட்டமாகத் தேடினார்கள். சார்ட்டில் ஷாஜாதியின் பேர் எங்கேயும் இல்லை.

"வரையறப்ப ஞாபகம் வரல அக்கா" என்றாள் மலீஹா மெல்ல.

"பரவால்ல. புதுசு வரையலாம். திங்கக்கெழமலேந்து எல்லம்மா சைட்டப் பாத்துக்கட்டும். கையுறை பன்னெண்டு ஜோடி வாங்கணும் சைஃபு, நீயே திருப்போரூர் போயி வாங்கிகினு வா."

சைஃபுல்லா எம்.டி. நாற்காலியிலிருந்து எழுந்தான். அமானுல்லா டிராயரைத் திறந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பயமும் கொஞ்சம் பெருமையும் இருந்ததாக அஹதுக்குத் தோன்றியது.

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். உறையில் போட்டு ஒட்டினாள். பிறகு கையை நீட்டினாள்.

"வண்டிச் சாவி. கம்பெனி வண்டி."

*

திங்கட்கிழமை காலை அஹத் ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக இடுக்கிக்கொண்டு நாவலூர் போய்ச் சேர்ந்தான். ஒன்பது இருபத்தைந்து. சட்டை கசங்கியிருந்தது, மனசு பஞ்சாக இருந்தது. மேனேஜர் ராஜாராம் கண்ணாடி அறையில் உட்காரவைத்து உறையைக் கிழித்தார். சத்தமாகவே படித்தார்.

"'திரு. அப்துல் அஹத் எங்கள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தார். சனிக்கிழமை விடுவிக்கப்பட்டார். யார் எதைச் சொன்னாலும் சரி என்பார். இதைத் தவிர அவரிடம் வேறு குறை எதுவும் இல்லை. ஷாஜாதி, உரிமையாளர்.'"

அஹதுக்குக் காது மடல் சூடாயிற்று. அவமானமாக இருந்தது. கூடவே அழ வேண்டும் போலவும் இருந்தது. பதினோரு வருஷத்தில் அவனைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை, அவனே உட்பட.

ராஜாராமின் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர் சார்! குறைன்னு எழுதியிருக்காங்க, இதாங்க தகுதி. இந்த மாதிரி ஆளுக்குத்தான் நாலு மாசமா அலையறோம். இன்னிக்கே ஜாயின் பண்ணிக்கலாம்." ஒரு ஃபாரத்தை நகர்த்தி வைத்தார். பேனாவைக் கொடுத்துவிட்டு, சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "அப்பறம், ஞாயித்துக்கெழமைல மட்டும் காலைல ஒரு அஞ்சாறு மணி நேரம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிடணும். ஆர்டர்ல போட மாட்டோம். நம்ம வீட்டு வேலை மாதிரி நெனச்சுக்கங்க. சரிதானே?"

அஹதின் வாய் பழக்கப்படி திறந்தது. 'ச' வரைக்கும் வந்துவிட்டது. மேஜையில் ஷாஜாதியின் கையெழுத்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முடியாது சார்" என்றான்.

சொல்லிவிட்டு, யார் சொன்னது என்று அவனே ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். அறையில் வேறு யாரும் இல்லை. வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ராஜாராம் கடிதத்தை மறுபடி கையில் எடுத்து, மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "என்ன சார், இதுல வேற மாதிரி எழுதியிருக்கு?"

"அதுல கீற ஆள சனிக்கெழமையே ரிலீவ் பண்ணிட்டாங்க சார்" என்றான் அஹத்.